மஸ்லின் உடுத்திய ராணி: 1783 சலோனில் இறக்கப்பட்ட ஓர் ஓவியம்

1783 ஆகஸ்ட் 25, புனித லூயி திருநாள். பாரிஸின் லூவ்ர் அரண்மனையில் அரச ஓவியக் கழகத்தின் கண்காட்சி திறந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் அந்தக் கண்காட்சிக்குச் சலோன் என்று பெயர். நுழைவுக் கட்டணம் கிடையாது. பிரபுவும் வரலாம், பிரபு வீட்டுச் சமையல்காரரும் வரலாம். அந்த ஆண்டு சுவரில் மாட்டியிருந்தவற்றில் ஒன்று ராணி மரி அந்துவானெத்தின் உருவ ஓவியம். வரைந்தவர் எலிசபெத் விஜே லெ ப்ரன். ராணி மெல்லிய பருத்தித் துணியான வெள்ளை மஸ்லின் உடுத்தி, வைக்கோல் தொப்பி அணிந்து நின்றார். கிரீடம் இல்லை, நகை இல்லை. வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். ராணி உள்சட்டையோடு நிற்கிறாள் என்று பேச்சு பரவியது. கண்காட்சி முடியும் முன்பே ஓவியத்தை இறக்கிவிட்டார்கள். அதற்கு ஈடாக, அதே நிலையில் ராணி நிற்க, பட்டும் முத்துமாக இன்னொரு படத்தை அதே ஓவியர் வரைந்து கொடுத்தார்.

இந்த ஒரு நிகழ்வை வைத்து, பிரெஞ்சு அரச ஓவியங்களில் உடை என்ன வேலை செய்தது என்று பார்ப்பதே இக்கட்டுரை. மரி அந்துவானெத்தின் விளையாட்டுத்தனத்துக்கு இன்னோர் எடுத்துக்காட்டு என்று சொல்லிப் பலர் இதைக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த உடையை உடுத்தியவர் ராணி மட்டுமல்ல; அவருடைய வட்டத்துப் பெண்கள் பலரும் தோட்டத்தில் அதைத்தான் உடுத்தினார்கள். உடுத்தியபோது எழாத அளவுக்குக் கூச்சல், வரைந்து பொதுச் சுவரில் மாட்டியபோது எழுந்தது. ஏன்?

அரசரை உண்டாக்கும் உடை

விடை தேட 1701க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு இயசெந்த் ரிகோ வரைந்த பதினான்காம் லூயியின் ஓவியம் இன்று லூவ்ரில் இருக்கிறது. உயரம் 277 செ.மீ., அகலம் 194 செ.மீ. ஸ்பெயினின் அரசராகிவிட்ட பேரன் ஐந்தாம் ஃபிலிப்புக்கு அனுப்புவதற்காக வரையச் சொன்னது அது. முடிந்த பிறகு லூயிக்கே பிடித்துப்போய், தன்னிடமே வைத்துக்கொண்டார். 1704 சலோனில் மக்கள் பார்வைக்கும் வந்தது.

அந்த ஓவியத்தில் கண் முதலில் போவது முகத்துக்கு அல்ல, மேலங்கிக்கு. நீல வெல்வெட், அதன்மேல் தங்க இழையில் பிரெஞ்சு அரச குலத்தின் சின்னமான லில்லி முத்திரைகள். உள்பக்கம் முழுக்க எர்மின் ரோமம்: அந்தச் சின்னஞ்சிறு விலங்கின் குளிர்கால வெள்ளைத் தோல், இடையிடையே வால் நுனியின் கறுப்புப் புள்ளிகள். அங்கியின் ஒரு பக்கத்தைத் தோள்மேல் ஏற்றிப் போட்டிருப்பதால் விலையுயர்ந்த உள்பக்கம் முழுவதும் வெளியே தெரிகிறது. கழுத்தில் பரிசுத்த ஆவி வீரர் அணியின் சங்கிலி. இடுப்பில், பழம்பேரரசர் சார்லமேனுடையது என்று சொல்லப்பட்டு வந்த வாள். பக்கத்து மெத்தையில் கிரீடமும், முனையில் கை வடிவம் செதுக்கிய நீதிக்கோலும். செங்கோலைத் தலைகீழாகப் பிடித்துக் கைத்தடிபோல் ஊன்றியிருக்கிறார். காலணியின் குதி சிவப்பு. வெர்சாய் அரசவைக்குள் இடம் பெற்ற உயர்குடியினருக்கு உரிய அடையாளம் அது.

லூயிக்கு முடிசூட்டு விழா நடந்தது 1654இல், 15 வயதில். ஓவியம் வரையப்பட்டபோது அவர் 60ஐத் தாண்டியவர். ஆக இது நடந்த ஒரு நாளின் பதிவு அல்ல. முகத்தை ரிகோ மறைக்கவில்லை. கன்னம் ஒட்டி, வாயோரம் சுருங்கிய முதியவர் முகம்தான் அது. வெள்ளைக் காலுறை போட்ட கால்களோ பாலே ஆடிய இளைஞனுடையவை. முகம் மனிதருடையது, சாகக்கூடியது. கழுத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் பதவியுடையது, சாகாதது. அங்கியை உருவிவிட்டால் வயதான ஒருவர்தான் மிஞ்சுவார். அடுத்த நூறு ஆண்டுக்குப் பிரெஞ்சு அரச ஓவியத்துக்கு இதுவே அளவுகோலாக இருந்தது. பதினைந்தாம் லூயியும் பதினாறாம் லூயியும் இதே அங்கி, இதே ரோமம், இதே தோரணையோடு வரையப்பட்டார்கள்.

ராணியின் உடையில் இருந்த கூடுதல் பாரம்

பிரான்ஸில் பெண் அரியணை ஏற முடியாது. ராணி என்றால் அரசரின் மனைவி, வாரிசின் தாய், அவ்வளவுதான். வாளும் நீதிக்கோலும் அவர் கையில் வர வழியில்லை. அதனால்தான் அவர் உடுத்தும் துணிமீது இவ்வளவு பாரம் ஏறியது என்று நினைக்கிறேன்.

அரசவைப் பெண்களுக்கான முழு உடையைப் பதினான்காம் லூயி காலத்திலேயே வரையறுத்துவிட்டார்கள். உடம்பை இறுக்கிப் பிடிக்கும், திமிங்கில எலும்புப் பட்டைகள் தைத்த மேல்கச்சு. தோள் வெளித் தெரியும் கழுத்து. அடுக்கடுக்கான லேஸ் கை. பின்னால் தரையில் இழுபடும் தனித் தொங்கல். 18ஆம் நூற்றாண்டில் இதோடு, இருபுறமும் பாவாடையை விரித்துப் பிடிக்கும் பானியே என்ற சட்டமும் சேர்ந்தது. இந்த உடையில் கதவு வழியே நேராக நுழைவதே கடினம். அரசவையில் ஒரு பெண்ணை முறைப்படி அறிமுகம் செய்யும் நாளில் இதைத் தவிர வேறெதுவும் உடுத்த முடியாது.

விஜே லெ ப்ரன் ராணியை முதலில் வரைந்தது இந்த உடையில்தான். 1778இல் வரைந்த அந்தப் படம் வியன்னாவுக்கு, ராணியின் தாய் மரியா தெரேசாவுக்குப் போனது. இன்றும் அந்நகரின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளை சாட்டின், தங்கக் குஞ்சங்கள், கைப்பிடிச் சுவர்போல் இருபுறமும் விரிந்த பானியே. பக்கத்து மேசையில் மெத்தைமேல் கிரீடம். மேலே உயரத்தில் கணவர் பதினாறாம் லூயியின் மார்பளவுச் சிலை. கையில் ஒரு ரோஜா. ஆஸ்திரியாவிலிருந்து 14 வயதில் மணமுடித்து அனுப்பிய மகள் இப்போது பிரான்ஸின் ராணியாகத்தான் இருக்கிறாள் என்று தாய்க்குச் சொல்லும் சான்றிதழ் அது.

எதிர்ச்சான்று: நத்தியே, 1748

முழு அரசவை உடை இல்லாமல் ராணியை வரைந்தாலே குற்றமா என்று கேட்டால், இல்லை. இந்த வழக்கைப் புரிந்துகொள்ள மிகவும் உதவும் சான்று இது என்பது என் எண்ணம்.

பதினைந்தாம் லூயியின் ராணி மரி லெஷ்ச்சின்ஸ்காவை லூயி தொக்கே 1740இல் முழு அலங்காரத்தில், லில்லி முத்திரை அங்கியோடு வரைந்திருந்தார். எட்டு ஆண்டு கழித்து ழான்-மார்க் நத்தியேயிடம், சாதாரண வெளியுடையில் வரையும்படி ராணியே கேட்டுக்கொண்டார். நத்தியே அப்படியே வரைந்தார்: ரோமம் வைத்த சிவப்பு உடை, தலையில் லேஸ், கைக்கீழே நற்செய்தி நூல். கிரீடம் இல்லை, செங்கோல் இல்லை. அந்த ஓவியம் 1748 சலோனில் வைக்கப்பட்டது. கூச்சல் எழவில்லை, நல்ல பெயரே கிடைத்தது.

ஏன்? நாற்காலித் துணியைப் பாருங்கள். அதில் லில்லி முத்திரை இருக்கிறது. உடம்பிலிருந்து இறக்கிய பதவியை நத்தியே பக்கத்திலேயே வைத்திருக்கிறார். உடையும் கனமானது, ஏழைப் பெண் உடுத்த முடியாதது. கையில் வேதம். வயது 45, பத்துப் பிள்ளைகள் பெற்றவர். எளிமை என்று சொல்லத்தக்க எல்லாமே இங்கே பக்தியாக மாறிவிடுகிறது. பதவியை நினைவூட்டும் ஏதாவது ஒன்று ஓவியச் சட்டத்துக்குள் இருந்தால் பார்வையாளர் எளிமையை ஏற்றுக்கொண்டார்கள்.

இரண்டு படங்கள், ஒரே ராணி

இனி 1783 படத்தை நெருங்கிப் பார்க்கலாம். மூலப்படம் இன்று ஜெர்மனியில், ஹெஸ்ஸே அரச குடும்ப அறக்கட்டளையிடம் இருக்கிறது. வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் ஒரு பிரதி உண்டு.

பின்னணி வெறும் பழுப்பு. தூண் இல்லை, திரை இல்லை, சிலை இல்லை. மஸ்லின் கழுத்தைச் சுற்றி இரட்டைச் சுருக்காக விழுகிறது. கையைப் புசுபுசுவென்று உப்பவிட்டு இடையில் கட்டியிருக்கிறார்கள். இடுப்பில் மெல்லிய தங்க நிறக் கச்சை. உடலோடு உடை ஒட்டி நிற்க அது ஒன்றுதான் பிடிமானம். எலும்புப் பட்டை இல்லை, பானியே இல்லை. தலையில் அகலமான வைக்கோல் தொப்பி, அதில் நாடாவும் இறகும். ராணியின் கைகள் ஒரு ரோஜாக் கொத்துக்கு நாடா கட்டிக்கொண்டிருக்கின்றன. துணியின் மென்மையை விஜே லெ ப்ரன் வரைந்திருக்கும் விதத்தைப் பார்த்தால் அவர் எவ்வளவு ஆசையோடு இதைச் செய்தார் என்பது தெரியும். வெள்ளைமேல் வெள்ளை, அதன் நிழலில் சாம்பல், விளிம்பில் ஒளி. ஓவியமாக மட்டும் பார்த்தால் அவர் வரைந்த ராணி படங்களில் இதுவே சிறந்தது என்பேன்.

ஈடாக வந்த படம் வெர்சாயில் இருக்கிறது. அதே முகத் திருப்பம், அதே கைகள், அதே ரோஜா. ஆனால் உடை நீலச் சாம்பல் பட்டு, ஓரமெல்லாம் லேஸ். கழுத்தில் முத்து, கையில் முத்து. வைக்கோல் போய் இறகு வைத்த தலையணி வந்துவிட்டது. வெறும் பழுப்பு போய்ப் பின்னால் தோட்டத்து மரங்கள். முகத்தில் எதையும் மாற்றவில்லை. மாற்ற வேண்டியது உடை மட்டும்தான் என்று எல்லோருக்கும் புரிந்திருந்தது.

மஸ்லின் படத்தில் நத்தியேயின் நாற்காலிக்கு இணையாக எதுவும் இல்லை. அங்கே பதவி பக்கத்தில் இருந்தது. இங்கே எங்குமே இல்லை. பெயர்ப் பட்டியலைப் பார்க்காதவருக்கு இவர் ராணி என்று தெரிய வழியில்லை. கூச்சலின் வேர் இதுதான் என்பது என் முடிவு. உள்சட்டை என்ற கேலி அந்த அதிர்ச்சிக்குக் கிடைத்த சுலபமான சொல்.

அந்தத் துணி எங்கிருந்து வந்தது

வேர் அதுவானாலும், அதற்கு எண்ணெய் ஊற்றியது துணி. பிரான்ஸில் பட்டு என்றால் லியோன் நகரம். லியோனின் தறிகளுக்கு அரசவை முதன்மையான வாடிக்கையாளர். ராணி பட்டைக் கைவிட்டால் நாட்டுப் பெண்களும் கைவிடுவார்கள், நெசவாளர் வயிற்றில் அடி விழும் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அது வெறும் புலம்பல் அல்ல. இந்தியப் பருத்தித் துணிகள் உள்நாட்டு நெசவை அழித்துவிடும் என்று அஞ்சி, அச்சிட்ட பருத்தியை 1686இல் தடைசெய்த நாடு அது. 1759 வரை தடை நீடித்தது. அப்படித் தடைபோட்ட நாட்டின் ராணி, 24 ஆண்டு கழித்து, பருத்தியில் நிற்கிறார்.

மஸ்லினில் உயர்ந்த ரகம் வங்காளத்தில், டாக்கா பக்கத்தில் நெய்யப்பட்டது. அப்போது வங்காளம் ஆங்கிலேயக் கம்பெனியின் பிடியில் இருந்தது. பிரான்ஸோ 1778 முதல் இங்கிலாந்தோடு போரில் இருந்தது. வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது 1783 செப்டம்பர் 3. சலோன் திறந்து பத்து நாள் கூட ஆகவில்லை. 1778இல் ஆங்கிலேயர் பிடித்திருந்த புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைக்க வழிசெய்ததும் அந்த உடன்படிக்கைதான். எதிரியின் கையிலிருந்த வியாபாரத் துணியை அணிந்த ராணி எந்த நாட்டின் ராணி என்ற கேள்வியை இந்த நேரப் பொருத்தம் இன்னும் கூர்மையாக்கியது. ஏற்கெனவே அவரை 'ஆஸ்திரியக்காரி' என்று ஏசுபவர்கள் இருந்தார்கள்.

உடையின் வெட்டு வந்தது வேறொரு கடலிலிருந்து. கோல் என்று அழைக்கப்பட்ட இந்தத் தளர்வான வெள்ளை உடையை, கரீபியனில் இருந்த பிரெஞ்சுக் காலனிகளின் பெண்கள் வெக்கைக்கு உடுத்தி வந்தார்கள். அடிமைகளின் உழைப்பில் கரும்பும் பருத்தியும் விளைந்த தீவுகள் அவை. இயற்கையின் எளிமை என்று பாரிஸ் கொண்டாடிய உடைக்குப் பின்னால் இருந்த இந்தக் கொடுமையை, உடையின் வரலாற்றைச் சொல்லும்போது விட்டுவிடக் கூடாது.

யாரும் உடுத்தலாம் என்பதன் விளைவு

ஓவியம் இறங்கியது, உடை இறங்கவில்லை. ராணியின் பெயரிலேயே அது பிரபலமாகி, பாரிஸ் தாண்டி லண்டன் வரை பரவியது. டெவன்ஷர் டச்சஸ் ஜார்ஜியானாவுக்கு ராணியே ஒன்றைப் பரிசாக அனுப்பினார். அரசவை முழு உடையை நகலெடுக்கக் கொழுத்த பணமும் அனுமதியும் வேண்டும். மஸ்லினுக்கு இரண்டும் வேண்டாம்.

அதன் விளைவு 1784 ஆகஸ்டில் ஓர் இரவில் தெரிந்தது. வெர்சாய்த் தோட்டத்து இருட்டில், கார்டினல் ரோஹான் ஒரு பெண்ணைச் சந்தித்தார். அவள் வெள்ளை மஸ்லின் உடுத்தியிருந்தாள். கையில் ஒரு ரோஜா. அவளை ராணி என்றே கார்டினல் நம்பினார். அவள் நிக்கோல் லெ கே என்ற பாரிஸ் பெண். மோசடிக் கும்பல் பணம் கொடுத்து அழைத்து வந்தவள். 16 லட்சம் லிவ்ர் விலையுள்ள வைர மாலை ராணியின் பெயரில் கார்டினல் வழியாகக் கைமாறிய மோசடி அங்கேதான் வலுப்பெற்றது. அந்த வழக்கில் 1786 மே 31இல் பாரிஸ் நீதிமன்றம் கார்டினலை விடுவித்தது. ராணி நள்ளிரவில் தோட்டத்தில் வந்து நிற்பார் என்று ஒரு கார்டினல் நம்பியதில் தவறில்லை என்பதுபோல் அந்தத் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. கிரீடமும் பானியேயும் இருந்த 1778 உடையில் இப்படி ஓர் ஆள்மாறாட்டத்தை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

சிவப்பு வெல்வெட்டுக்குத் திரும்புதல்

1785 சலோனில் ஸ்வீடன் ஓவியர் அடால்ஃப் வெர்ட்முல்லர், வெர்சாயின் திரியனோன் தோட்டத்தில் பிள்ளைகளோடு நடக்கும் ராணியைக் காட்டினார். அதுவும் எடுபடவில்லை, ராணிக்குரிய கம்பீரம் இல்லை என்றார்கள். உடனே அரசு நிர்வாகம் விஜே லெ ப்ரனிடமே பெரிய அளவில் ஒரு படம் கேட்டது. 1787இல் முடிந்த அது இப்போது வெர்சாயில் இருக்கிறது.

கரும்பழுப்பு ரோமம் வைத்த சிவப்பு வெல்வெட், அதே நிறத் தலையணி, இறகு. நத்தியேயின் ராணியை நினைவூட்டும் உடை என்பது பார்த்தவுடன் தெரியும். அந்த நினைவு வேண்டுமென்றே வரவழைக்கப்பட்டது. மடியில் இளைய மகன், தோளில் சாயும் மகள், தொட்டிலைச் சுட்டும் மூத்த மகன். தொட்டில் காலி: குழந்தை சோஃபி அந்த ஜூனில் இறந்துவிட்டாள். ராணியின் கழுத்தில் மாலை இல்லை. பின்னால் இருட்டில் நகை அலமாரி ஒன்று நிற்கிறது. வைர மாலை வழக்குக்குப் பிறகு இதைவிடத் தெளிவாகப் பதில் சொல்ல முடியாது: என் நகைகள் என் பிள்ளைகள். ஆனால் நான்கு ஆண்டு தாமதம். எதிர்ப்புக்குப் பயந்து ஓவியர் படத்தை உடனே அனுப்பவில்லை. சுவரில் வெறும் சட்டம் தொங்கியது. அரசின் நிதி நெருக்கடியைக் குத்திக்காட்டி 'இதோ பற்றாக்குறை' என்று யாரோ சொன்னதாகப் பாரிஸ் முழுக்கப் பரவியது. உடையைச் சரிசெய்துவிட்டார்கள், கஜானாவைச் சரிசெய்ய முடியவில்லை.

அதே மஸ்லின், வேறோர் உடல்

அடுத்த ஆண்டு நடந்த ஒன்று இந்த வழக்குக்கு எதிர்பாராத சான்றைத் தருகிறது. திப்பு சுல்தானின் தூதர்கள் மூவர் 1787இல் புதுச்சேரியிலிருந்து கப்பலேறி, 1788 ஜூனில் துலோன் துறைமுகத்தில் இறங்கினார்கள். ஆங்கிலேயருக்கு எதிராகப் பிரெஞ்சுப் படை உதவி கேட்டு வந்தவர்கள். ஆகஸ்டில் வெர்சாயில் அரசரைச் சந்தித்தார்கள். கேட்ட உதவி கிடைக்கவில்லை. விஜே லெ ப்ரன் அவர்களை வரைய ஆசைப்பட்டார். அரசர் சொன்னால்தான் உட்காருவோம் என்றார்களாம், அரசர் சொன்னார்.

தூதர்களில் ஒருவரான முகமது தர்வேஷ் கான் ஒரு பெரிய படத்தில் முழு உயரத்தில் நிற்கிறார். கை வாளின் பிடியில். உடம்பில் வெள்ளை மஸ்லின், தங்கப் பூக்களோடு. அதே துணி, அதே தூரிகை, ஐந்தே ஆண்டு இடைவெளி. 1789 சலோனில் அது மாட்டப்பட்டபோது உள்சட்டை என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. இந்தியத் தூதர்மேல் மஸ்லின் அவருடைய அரசவையின் உடை. அதில் ஓர் அரசு இருக்கிறது. பிரெஞ்சு ராணிமேல் அதே மஸ்லினில் எந்த அரசும் இல்லை.

புரட்சிக்குப் பிறகு வெள்ளை மஸ்லின் பாரிஸின் பொது உடையாகவே ஆனது. மார்த்தினிக் தீவில் பிறந்த ஜோசஃபினும் அதைத்தான் விரும்பி உடுத்தினார். 1801இல் ழெரார் வரைந்த படத்தில் மெல்லிய வெள்ளையில் சோஃபாவில் சாய்ந்திருக்கிறார். கணவர் நெப்போலியனுக்கு அது பிடிக்கவில்லை. ஆங்கிலேயச் சரக்கு வேண்டாம், லியோன் பட்டு உடுத்துங்கள் என்று அரசவைப் பெண்களை வற்புறுத்தினார். 1804 முடிசூட்டு விழாவில் ஜோசஃபின் உடுத்தியது வெள்ளை சாட்டின். தோளிலிருந்து விழுந்தது எர்மின் ரோமம் வைத்த சிவப்பு வெல்வெட் அங்கி. அதில் லில்லிக்குப் பதில் தங்கத் தேனீக்கள்.